வீட்டுப் பியரில் ஹாப்ஸ் மணம்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். 23 லிட்டர் பியர் தரும் டின் கிட் வாங்கி வீட்டிலேயே ஐபிஏ (கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவைத் தாராளமாகச் சேர்த்த பியர் வகை) தயாரித்து வருகிறேன். கடையில் வாங்கும் ஐபிஏவைத் திறந்தவுடன் எழும் ஆரஞ்சுத் தோல், மாம்பழ மணம் இதில் வருவதே இல்லை. தனியாக 100 கிராம் சிட்ரா வகை ஹாப்ஸ் வாங்கி, டின்னில் உள்ள மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றுடன் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவைத்தும் பார்த்தேன், கசப்புதான் ஏறியது. கடைக்காரர், ஹாப்ஸ் போட எஃகு வலை உருளை, இரண்டாவது நொதிகலன், விலை கூடிய செறிவூட்டிய ஹாப்ஸ் ஆகிய மூன்றையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: முதல் இரண்டும் வேண்டாம், மூன்றாவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 100 கிராம் என்பது 23 லிட்டருக்குப் போதுமான அளவுதான். அதைச் சேர்த்த வேளைதான் தவறு.

ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. மிர்சீன், லினலூல் முதலிய எண்ணெய்களே மணத்தைத் தருகின்றன, அவையோ கொதிநிலையில் ஆவியோடு வெளியேறிவிடுகின்றன. நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் சிட்ராவுக்கும் ஆனது. போதாததற்கு, இத்தகைய டின் கிட்டுகளில் உள்ள சாறு பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஹாப்ஸ் சேர்த்துக் கசப்பேற்றப்பட்டதாகும். அதை மறுபடி ஹாப்ஸுடன் கொதிக்கவைத்தால் கசப்பு இரட்டிப்பதில் வியப்பில்லை.

அடுத்த முறை அதே 100 கிராமைப் பிரித்துக்கொள்ளுங்கள். 25 கிராமை, ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய நீரில் 20 நிமிடம் மூடி ஊறவைத்து, அந்த நீரை நொதிகலனில் சேர்த்தால் நாவில் நிற்கும் சுவை கிடைக்கும். மீதி 75 கிராமை, நொதித்தல் ஏறத்தாழ அடங்கிய பிறகு நேரடியாகப் பியரிலேயே இட்டு, இரண்டு அல்லது மூன்று நாள்கள் விட்டால் போதும். மணத்தின் பெரும்பகுதி அதற்குள் இறங்கிவிடும், வாரக்கணக்கில் கிடந்தால் புல் வாடைதான் மிஞ்சும். மணம் போதவில்லையெனில் பிறகு அளவைக் கூட்டலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கேஸ்கேட் வகை ஹாப்ஸைக் கொண்டு நடத்திய ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியபோது எலுமிச்சை வகை மணம் பின்தங்கி, மூலிகையும் தேயிலையும் கலந்தாற்போன்ற வாடை முன்வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை: ஹாப்ஸில் இயல்பாகவே உள்ள நொதிகள், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாச்சர்க்கரையை உடைத்துக் கொடுப்பதால், அடங்கிய நொதித்தல் மீண்டும் தொடங்கக்கூடும். எனவே ஹாப்ஸ் இட்ட பிறகு, பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்டினால் மட்டுமே பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு.

இனி கடைக்காரர் சொன்ன பொருள்களுக்கு வருவோம். எஃகு வலை உருளை, கொதிகலனின் அடியில் கசடு தங்காமல் காப்பதற்குப் பயன்படுமேயன்றி மணத்தைக் கூட்டாது. ஊறி உப்பும் பெல்லட்டுகளை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு உருளைகள்) நெருக்கி அடைத்தால் எண்ணெய் இறங்குவது குறையவே செய்யும். இரண்டாவது நொதிகலனோ நேரடியாகவே கெடுதல் செய்யக்கூடியது. பழைய கையேடுகள் அதைப் பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் ஒரு கலனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கரையும் ஆக்ஸிஜன்தான் ஹாப்ஸ் மணத்தின் முதல் எதிரி. பொன்னிறமாக இருந்த பியர் சில வாரங்களில் பழுப்பேறி, ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது ஆக்ஸிஜனின் வேலை என்று கொள்ளலாம். அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு, பாட்டிலின் அடிவரை இறங்கி நிரப்பும் குழாய் ஒன்றை வாங்குங்கள். பழுப்பு நிறப் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். நிரப்பிய பியரை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். செறிவூட்டிய ஹாப்ஸ் நல்ல பொருள்தான், வழக்கமான பெல்லட்டில் பாதியளவே போதும். ஆயினும் சேர்க்கும் வேளை சரியாகாமல் அதற்குச் செலவிடுவது வீண்.

உண்மையில் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது புதிய அறுவடை ஹாப்ஸுக்குத்தான். உறையில் 'எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும்' என்ற தேதியைக் காட்டிலும் அறுவடை ஆண்டைத் தேடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கிலும் இங்கிலாந்தின் கென்ட்டிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அறுவடை நடக்கிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே கோடையில் வாங்குவோர் தென்கோளத்து வகைகளையும் விசாரித்துப் பார்க்கலாம். காற்று நீக்கிய உலோகத்தாள் உறையில், கடையின் குளிர்பெட்டியில் இருப்பதையே எடுங்கள்; கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் அலமாரியில் தொங்குவது, எவ்வளவு மலிவானாலும், வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெல்லட்டை விரல்களுக்கிடையே நசுக்கி முகருங்கள்: பச்சை நிறமும் பளிச்சென்ற மணமும் இருந்தால் சரி, பழுப்பேறிப் பழைய பாலாடைக்கட்டி வாடை அடித்தால் அது கெட்டது. மிச்சத்தை இறுக மூடி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால், பயன்படுத்திய ஹாப்ஸ் கசடும் அதற்கு நஞ்சு. மூடிய குப்பைத்தொட்டியிலேயே போடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்துக் கடை ஒன்றில் இணையவழி வாங்கிய ஹாப்ஸ், உறையைப் பிரித்ததுமே பாலாடைக்கட்டி வாடை அடித்தது. உணவுப்பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியன்று. மனம் மாறித் திருப்பியனுப்பும் 14 நாள் உரிமை விரைவில் கெடும் பொருள்களுக்குப் பொருந்தாது என்பதைத்தான் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். குறையுள்ள பொருள் என்பது வேறு கணக்கு: 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி பொருள் திருப்தியான தரத்துடன் இருக்க வேண்டும், இல்லையெனில் வழக்கமாக 30 நாள்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விரைவில் கெடும் பொருளுக்கு இந்தக் காலம் குறையும் என்பதால் தாமதிக்க வேண்டாம். உறையையும் அதிலுள்ள அறுவடை ஆண்டையும் படமெடுத்து, கடைக்கு எழுத்து மூலமாகவே அனுப்புங்கள். பழைய அறுவடை என்று தெளிவாக எழுதி, அதற்கேற்பக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால் உங்கள் வாதம் சற்று வலுவிழக்கும். கடை மறுத்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவிப் பிரிவை அணுகலாம்.