வெள்ளைச் சட்டை பையில்தான் வரும்

வடசென்னை எர்ணாவூரிலிருந்து சினிமா வாய்ப்புத் தேடும் நடிகர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: வடபழனிப் பக்கம் அறை எடுத்துத் தங்கலாமே? (வாசகர், தேனி)

வாடகையை நீங்கள் கொடுத்தால் நாளைக்கே கிளம்பிவிடுவேன். இங்கே சொந்த வீடு, அம்மாவின் இட்லிக் கடை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. சென்ட்ரலில் மாறினால் வடபழனி. ஸ்டேஷன் வரை போவதுதான் பாடு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் நடந்தால் காலர் ஓரம் கறுத்துவிடும். அதனால் ஆடிஷனுக்கான வெள்ளைச் சட்டை எப்போதும் பையில்தான். ஒருநாள் ரயிலில் முகம் துடைத்தேன். கர்சீப் கறுப்பானதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெரியவர், "மேக்கப்பா தம்பி?" என்றார்.

கே: குரல் பயிற்சி எங்கே செய்கிறீர்கள்? (வாசகி, திருச்சி)

காலையில் எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து காற்று வந்தால் கேஸ் வாடை, மூச்சை இழுக்கவே யோசனையாக இருக்கும். மதியம் கடல்காற்று திரும்பட்டும் என்று காத்திருப்பேன். அப்புறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் உட்கார்ந்து, அலைச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசுவேன். வலை பின்னும் அண்ணன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது வசனத்தைத் திருத்துகிறார்கள்.

செல்ஃப் டேப், அதாவது வீட்டிலேயே நடித்து ஆடிஷனுக்கு அனுப்பும் வீடியோ, எடுப்பதுதான் கொடுமை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு எடுக்கிறேன். போன மாதம் அழுகிற காட்சி. ஏழாவது டேக் அருமையாக வந்தது, கடைசி வரியில் லாரி ஹாரன். அப்படியே அனுப்பினேன். 'லொகேஷன் சவுண்ட் நன்றாக இருக்கிறது' என்று பதில் வந்தது. வாய்ப்பு வரவில்லை.

கே: 2023 எண்ணெய்க் கசிவில் உங்களுக்குப் பாதிப்பு உண்டா? (வாசகர், கடலூர்)

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் தெருவுக்குள் வந்தது. கட்டிலுக்கடியில் வைத்திருந்த போர்ட்ஃபோலியோ ஆல்பம் போயிற்று. மீனவர்கள் மக்கும் பக்கெட்டுமாக ஆற்றில் எண்ணெய் அள்ளினார்கள். நானும் இரண்டு நாள் போனேன். சோப்புக்கெல்லாம் அந்தப் பிசுக்குப் போகாது.

கே: வடசென்னைப் பையனுக்கு ரவுடி வேடம் சுலபமாகக் கிடைக்குமே? (வாசகர், மதுரை)

மூன்று கிடைத்தது. மூன்றிலும் ஒரே வசனம்: "அண்ணே, வர்றானுங்க!" இப்போது பேங்க் மேனேஜர் வேடத்துக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். அந்தச் சட்டை அதற்குத்தான்.