மலையக வரலாற்றில் ஒக்டோபர் 30 ஏன் முக்கியமான நாள்?

ஒக்டோபர் 30 மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலைநாட்டில், இரண்டு தடவை கனமான நாளாக வந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் அன்று என்னென்ன நடந்தது என்று கேட்டிருந்தார்.

முதலாவது, 1964. அன்றுதான் டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான (எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத) இந்திய வம்சாவளி மக்கள் சுமார் 9,75,000 பேரை இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள்; 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியும். அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்த குடும்பங்கள் பிரிந்தன. கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போனார்கள். 1984இல் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டோடு பலர் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) தங்கிவிட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தது.

இரண்டாவது, 1999. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், அதே ஒக்டோபர் 30இல், அமைச்சராக இருக்கும்போதே காலமானார்.

கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவையும் சிலர் இந்தத் தேதியில் சொல்வார்கள். அது இந்தத் தேதிக்கு முந்தின நாள், 2014 ஒக்டோபர் 29.