முதல் வாரத்தை நம்ப வேண்டாம்: ஜெர்மனி புறப்படும் சேலத்து மாணவர்களுக்குக் கேள்வி பதில்

அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்காக ஜெர்மனி செல்லவிருக்கும் சேலம் மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இப்போது சேலத்தில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

அம்மாப்பேட்டை மாணவர்: போய் இறங்கியதும் பெரிய அதிர்ச்சியாக இருக்குமா, ஐயா?

முதல் வாரத்தில் பெரும்பாலும் வியப்புதான் இருக்கும். குழாயிலிருந்தே குடிக்கக்கூடிய தண்ணீர், நேரத்துக்கு வரும் நகரப் பேருந்து (தொலைதூர ரயிலைப் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன்), காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும் 25 சென்ட் என எல்லாமே பிடித்துப்போகும். அதை வைத்து நாட்டை மதிப்பிட்டுவிடாதீர்கள். மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க், 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில், அயல்நாட்டு வாழ்க்கை தேனிலவு போலத் தொடங்கி, நெருக்கடியில் விழுந்து, மெல்லத் தேறி, கடைசியில் பழகிப்போவதாக விவரித்தார். இது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த காலீன் வார்டும் அவருடைய குழுவினரும், தொடக்க நாட்களே மிகக் கடினமானவை என்று 1998இல் எழுதினார்கள். என் மாணவர்களிடம் நான் இரண்டையும் பார்க்கிறேன். விடுதி அறை உறுதியான பிறகு செல்பவர் முதல் மாதம் மகிழ்ச்சியாக இருக்கிறார். தங்குமிடம் இல்லாமல் செல்பவருக்குத் தேனிலவே வாய்ப்பதில்லை.

ஆத்தூரிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு வீட்டு நெய் கொடுத்தனுப்பலாமா?

கூடாது, அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுசெல்ல அனுமதி இல்லை. வேடிக்கை என்னவென்றால், கருவாட்டுக்குத் தடை இல்லை. 20 கிலோ வரைகூட விதி இடம் கொடுக்கிறது. அறைத் தோழர்கள் இடம் கொடுப்பார்களா என்பது வேறு. ஜவ்வரிசி வடகம் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள்.

எடப்பாடி மாணவி: கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர் இருக்கிறது. சிக்கல் வருமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. கல்லூரிக் கடிதத்திலும் மருத்துவர் அறையிலும் உங்களை அப்பாவின் பெயராலேயே அழைப்பார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தால் எழுந்து செல்லப் பழகிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது அஞ்சல் பெட்டி. அங்குள்ள அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு கதவு எண் இருப்பது அரிது. அஞ்சல்காரர் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுகிறார். நீங்கள் வீட்டில் அழைக்கும் பெயரை ஒட்டிவைக்க, கடிதம் அப்பாவின் பெயரில் வந்தால், வங்கி அட்டையும் வரி எண்ணும் வந்த வழியே திரும்பிவிடும். ஆகவே சாவி கையில் கிடைத்த அன்றே குடும்பப் பெயரை ஒட்டுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்றும் தேவை. அந்தச் சான்றைத் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓமலூர் மாணவர்: வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

விசாவும் பணமும் என் துறை அல்ல. சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். தொகை அவ்வப்போது மாறும்.

ஏற்காடு மாணவர்: நாங்கள் மலையில் வளர்ந்தவர்கள். குளிர் எங்களை என்ன செய்யும்?

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் வளர்ந்தது நல்லதுதான். ஆனால் அங்கு வீடுகள் கதகதப்பாகவே இருக்கும், வாட்டுவது இருட்டுதான். டிசம்பரில் பெர்லினில் காலை எட்டு மணிக்குப் பிறகு விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வகுப்பு இல்லாத நாளிலும் நண்பகலில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

வாழப்பாடி மாணவர்: மாம்பழம் கொண்டுபோகலாமா? நெய்யை டப்பாவில் அடைத்து முத்திரையிட்டால்?

மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்று வேண்டும். பழ ஈக்களின் காரணமாக, 2014இல் இந்திய மாம்பழ இறக்குமதியையே சில மாதங்கள் நிறுத்திவைத்தவர்கள் அவர்கள். நெய்யைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். முத்திரையிட்டாலும் அது நெய்தான்.

தாரமங்கலம் மாணவி: தமிழ் மாணவிகள் நால்வர் சேர்ந்து வீடு எடுக்கிறோம். சரிதானே?

சரியல்ல என்பேன். தமிழிலேயே சமைத்து, தமிழிலேயே சண்டையிட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்து, ஒரு காய்ச்சலுக்கு மருத்துவரிடம் பேசத் தெரியாமல் நின்றவர்களை நான் அறிவேன்.

சங்ககிரியிலிருந்து ஒருவர்: இதை நான் மறுக்கிறேன், ஐயா. அங்கு முதல் குளிர்காலத்தில் தமிழ் நண்பர்கள் இல்லாமலிருந்தால் நான் படிப்பை விட்டுவிட்டு வந்திருப்பேன். மொழியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். மனம் உடைந்தால் எதைக் கற்பது?

நியாயமான மறுப்பு. வார்டு தம் ஆய்வுகளில் மன நலத்தையும், அந்த ஊரில் அன்றாடக் காரியங்களை நடத்தும் திறனையும் தனித்தனியாகவே பார்க்கிறார். முன்னதற்கு உங்கள் நண்பர்கள் உதவினார்கள். பின்னதை அவர்களால் கற்றுத்தர முடியாது. விருந்துக்குப் போன இடத்தில் மரியாதைக்காக ஒரு முறை "வேண்டாம்" என்றால் அங்கு அதையே முடிவாகக் கொள்வார்கள்; நம் ஊரில் மூன்று முறை வற்புறுத்துவதை எதிர்பார்த்துப் பசியோடு திரும்பியவர்கள் உண்டு. அதைத் தமிழ் அறைத் தோழர் எப்படிச் சொல்லித்தருவார்?

அவரே மீண்டும்: எனக்கு அதைச் சொல்லித்தந்தவரே ஒரு தமிழ் அறைத் தோழர்தான்.

அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டுப்பாருங்கள். என் நிலைப்பாடு இதுதான்: தமிழ் நண்பர்கள் ஒரே ஊரில் இருக்கட்டும்; ஒரே வீட்டில் வேண்டாம். வேறு இடம் கிடைக்காதபோது சேர்ந்து தங்குவது வேறு விஷயம்.

மேட்டூரிலிருந்து ஒருவர்: நெய்யில் செய்த...

மேலே பார்க்கவும்.

சேலம் நகரிலிருந்து ஒரு தந்தை: மகள் தொலைபேசியில் அழுதால் நாங்கள் என்ன செய்வது?

திரும்பி வரச் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பையன் நன்றாக இருப்பதாகவும் சொல்லாதீர்கள். அன்று எந்தக் காரியம் நடக்கவில்லை என்று கேளுங்கள். பதிவோ வங்கியோ வாடகையோ ஒன்று இருக்கும். அழுகை பல வாரம் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டால், பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கான மனநல ஆலோசனை உண்டு. அங்கு போகச் சொல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால், நம் நேரத்தோடு உள்ள இடைவெளி மூன்றரையிலிருந்து நான்கரை மணி நேரமாகிறது. அதன் பிறகு நீங்கள் காலை ஒன்பதுக்கு அழைத்தால் அவளுக்கு விடியற்காலை நாலரை மணியாக இருக்கும்.