கார்பன் நானோகுழாயால் தங்க நானோதுகளைப் பிடிக்க முடியுமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக் கழிவுநீரில் தங்க நானோதுகள் இருந்தால் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுத் தாளைச் சுருட்டியது போன்ற மிக நுண்ணிய குழாய்) போட்டு அள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆய்வகத்தில் முடியும். ஆனால் துகள் குழாய்க்குள் போய் அடைபடுவதில்லை, பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் ஒட்டும். ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டமே 1–2 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகள் எப்படி நுழையும்?

உண்மையான சிக்கல் மின்னூட்டத்தில். வெறும் குழாய்கள் தண்ணீரில் கொத்தாகத் திரண்டுவிடும். நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கினால் மேற்பரப்பில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் உருவாகி, நீரில் நன்றாகப் பரவும். ஆனால் நடுநிலை நீரில் அவற்றுக்கு எதிர்மின்னூட்டம். துகள்கள் திரளாமலிருக்க சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) பூசிய தங்கத்துக்கும் அதே! ஒன்றையொன்று விலக்கும். அதனால் குழாய்மேல் நேர்மின்னூட்டப் பாலிமரையோ, தங்கத்தை இறுகப் பற்றும், கந்தகம் கொண்ட தயோல் தொகுதியையோ ஏற்றுவார்கள். வெள்ளி நானோதுகள் என்றால் கொஞ்சம் மெல்ல அயனியாகவும் கரையும். அந்த அயனியைப் பிடிக்கக் கார்பாக்சிலே உதவும்.

பிறகு சவ்வில் வடிகட்டிக் காற்றில் எரித்தால் தங்கம் மிஞ்சும் (விலையுயர்ந்த குழாயும் சேர்ந்தே எரிந்துபோகும்). தங்கம் கரைந்த நிலையில் இருந்தால் இவ்வளவு பாடே வேண்டாம், தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் போதும். தங்கச் சுரங்கங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நானோகுழாய்த் தூளைத் திறந்த மேசையில் கொட்டாதீர்கள், மூச்சில் போகக்கூடாது.