பிரான்சிஸ் லூயிஸும் வெல்ஷ் பேசிய செவ்விந்தியரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் லூயிஸ், 1756இல் பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டபோது, செவ்விந்தியத் தலைவர் ஒருவரிடம் தம் தாய்மொழியான வெல்ஷில் பேசி உயிர்பிழைத்தார் என்று வாசித்தேன். இது நம்பத்தக்கதா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

சிறைப்பட்டது உண்மை, வெல்ஷ் பேசித் தப்பியது கட்டுக்கதை. வேல்ஸின் லாண்டாஃபில் 1713இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்த லூயிஸ், இருபது வயதைக் கடந்ததும் தம் பங்குச் சொத்தைச் சரக்காக மாற்றிக்கொண்டு நியூயார்க்குக்குக் கப்பலேறிய வணிகர். பிரிட்டிஷ் படையினருக்கு உடைகள் வழங்கும் ஒப்பந்தம் அவரிடம் இருந்ததால்தான், ஒண்டாரியோ ஏரிக்கரையிலிருந்த ஓஸ்வேகோ கோட்டையை 1756 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் முற்றுகையிட்டபோது அவர் அங்கே இருக்க நேர்ந்தது. கோட்டைத் தளபதி மெர்சர் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். லூயிஸ் கைதியாக பிரான்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டுத் திரும்பினார்.

வெல்ஷ் பேசி உயிர்பிழைத்த கதை இதற்கு முன்பே அச்சில் இருந்தது. மார்கன் ஜோன்ஸ் என்ற பாதிரியார் தமக்கு அவ்வாறே நேர்ந்ததாக 1686இல் எழுதியது, 1740இல் லண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் மடோக் என்ற வெல்ஷ் இளவரசர் கடல் கடந்துபோய் அமெரிக்காவில் குடியேறினார் என்ற நம்பிக்கை இவற்றுக்கெல்லாம் வேர். ஸ்பெயினுக்கு எதிராக அமெரிக்காவின்மீது உரிமை கோர, இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்தவருக்கும் அது பயன்பட்டது. அந்த நம்பிக்கையோடு 1792இல் வேல்ஸிலிருந்து புறப்பட்ட ஜான் எவான்ஸ், மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில் மாண்டன் என்ற செவ்விந்திய மக்களோடு ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்துவிட்டு, வெல்ஷ் இந்தியர் என்று எவருமே இல்லை என 1797இல் எழுதினார். கதை அதன் பிறகும் சாகவில்லை என்பது வேறு விஷயம்.

லூயிஸின் வாழ்வில் என்னை ஈர்ப்பது இதுவன்று. பிரிட்டிஷ் படைக்கு உடை வழங்கிப் பொருளீட்டியவர், பிரெஞ்சுக்காரருக்கு எதிரான அப்படையின் போரில் இன்னலுற்றதற்காகக் குடியேற்ற அரசிடம் 5,000 ஏக்கர் நிலமும் பெற்றவர், 1775 முதல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவையான காங்கிரசில் அமர்ந்து அதே பிரிட்டனை எதிர்த்த படைக்கு வேண்டியவற்றைத் திரட்டினார். நியூயார்க்கிலிருந்து அனுமதி வராததால், 1776 ஜூலை 2 அன்று சுதந்திரத்துக்காக நடந்த வாக்கெடுப்பில் அம்மாநிலப் பிரதிநிதிகள் கலந்துகொள்ளவில்லை. அனுமதி கிடைத்தபின், ஆகஸ்டில், 63 வயதில் அவர் கையெழுத்திட்டார்.

அதற்கான விலையைப் பெரிதும் கொடுத்தவர் அவருடைய மனைவி எலிசபெத் என்பேன். லூயிஸ் பிலடெல்பியாவில் இருக்க, லாங் ஐலண்டைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படையினர் வைட்ஸ்டோனில் இருந்த அவர்கள் வீட்டைச் சூறையாடி, எலிசபெத்தைச் சிறைப்பிடித்துச் சென்றனர். படுக்கையோ மாற்றுடையோ இன்றி அவர் வைக்கப்பட்டிருந்ததாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. பிரிட்டிஷ் அதிகாரிகளின் மனைவியருக்கு ஈடாக வாஷிங்டன் அவரை மீட்டபோது உடல்நலம் சிதைந்திருந்தது, 1779இல் காலமானார். நீங்கள் வாசித்த நூலில் எலிசபெத்தைப் பற்றி ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.