போஸ்டிங் வரும் பிள்ளைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். தென் மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் சர்ஜரி வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். இரண்டு நர்சிங் கல்லூரிகளிலிருந்து பி.எஸ்சி. மாணவிகள் மாறி மாறி போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) வருகிறார்கள். கூட வரும் கல்லூரி ஆசிரியரான சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்) காலையில் வந்து அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் நர்சஸ் ஸ்டேஷனைச் சுற்றி நிற்பார்கள். பி.பி. பார், டெம்பரேச்சர் பார், சாம்பிளை லேபில் கொடுத்துவிட்டு வா என்று நாங்களும் ஏவிக்கொண்டே இருப்போம். கடைசி நாளில், செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கை நீட்டி மொத்தமாகக் கையெழுத்துக் கேட்பார்கள். ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் போகிறார்களே என்று மனசு உறுத்துகிறது. ஆனால் ஷிப்டுக்கு இரண்டே ஸ்டாஃப், முப்பது நோயாளிகள். எனக்கு நேரம் எங்கே? சொல்லிக்கொடுப்பது கல்லூரியின் வேலை இல்லையா? கையெழுத்து விஷயத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சிஸ்டர்,

ஆமாம், அது கல்லூரியின் வேலைதான். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வைத்திருப்பது அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுப் போவதற்காக அல்ல. இதை உங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் வழியாகக் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் காற்றோடு போய்விடும்.

ஆனால் சி.ஐ. நாள் முழுக்க வார்டிலேயே நின்றாலும் அவர் அங்கே விருந்தாளிதான். பத்தாம் படுக்கைக்காரருக்கு நேற்று ராத்திரி என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத்தான் தெரியும். 1946இலேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் கல்லூரி ஆசிரியர்களுக்கு வார்டுப் பொறுப்பும் சேர்த்தே இருக்கும். பாடம் நடத்துகிறவரும் வார்டை நடத்துகிறவரும் ஒருவரே என்றால் உங்கள் கேள்வியே எழாது. மற்ற இடங்களில் கல்லூரி ஒரு நிர்வாகம், மருத்துவமனை இன்னொரு நிர்வாகம். நடுவில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். அதனால் கூடுதல் நேரம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெண்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள், நோயாளியைப் பிரித்துக் கொடுங்கள். "நீ எல்லோருக்கும் பி.பி. பார்" என்றால் அவள் முப்பது கைகளைப் பார்ப்பாள், ஒரு மனிதரைக்கூடப் பார்க்க மாட்டாள். "பன்னிரண்டு, பதின்மூன்று உன்னுடையவர்கள். மத்தியானம் நீ போகும்போது அவர்களைப் பற்றி எனக்கு ஹேண்டோவர் கொடுக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அதே பி.பி.யைத்தான் பார்ப்பாள். ஆனால் நேற்று எவ்வளவு இருந்தது என்று கேஸ் ஷீட்டைப் புரட்டுவாள். வடிகுழாயில் வந்தது குறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். சாப்பிட்டாரா, காற்றுப் பிரிந்ததா என்று கேட்பாள். உங்களிடம் சொல்ல வேண்டுமே!

பி.பி., டெம்பரேச்சர், மூச்சு என்று வைட்டல்ஸ் பார்க்கச் சொல்வது எடுபிடி வேலை என்று நீங்களே கூசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த வார்டிலும் சார்ட்டை எடுத்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். 20, 20, 22, 20. எல்லா நோயாளிக்கும், எல்லா ஷிப்டிலும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். மாணவி அதைப் பார்த்துத்தான் தொழிலைக் கற்கிறாள், தானும் 20 என்று எழுதுகிறாள். நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். பி.பி. இறங்குவதற்குள் பல மணி நேரம் போயிருக்கலாம். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், 16 இருந்தவருக்கு 26 ஆகிறது. வலியா, காய்ச்சலா, நுரையீரலில் சளியா, ரத்தக் கட்டியா, கிருமித்தொற்றால் வரும் செப்சிஸா? ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணவைத்து, "ஏன் கூடியிருக்கும்?" என்று கேட்டால் அது ஒரு வகுப்பு. அது உங்களுக்கும் உதவி. இரண்டு ஸ்டாஃப் இருக்கும் வார்டில் ஒழுங்காக மூச்சு எண்ண ஒரு ஆள் கிடைத்தால் சும்மாவா?

நேரமில்லாதவர்களுக்காகவே 1992இல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் ஒரு முறையை எழுதிவைத்தார்கள். ஒரு நிமிட ஆசிரியர் என்ற பெயரில் பரவியது. சாரம் இதுதான்: நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று முதலில் அவளையே சொல்லவையுங்கள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று அடுத்துக் கேளுங்கள். அப்புறம் பொதுவான விதி ஒன்றைச் சொல்லி, சரியாகச் செய்தது எது, தவறு எது என்று சொல்லி அனுப்புங்கள். அவ்வளவுதான். தவறைச் சொல்லும்போது மட்டும் நோயாளியின் கட்டிலருகே வேண்டாம். கட்டிலருகே திட்டு வாங்கியவளிடம் அந்த நோயாளி அடுத்த தடவை கையை நீட்டமாட்டார்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ள மருந்தும் புழங்குகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. இரண்டையும் அவள் கையில் கொடுத்து, "100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது எவ்வளவு?" என்று கேளுங்கள். 25 யூனிட், ஏனென்றால் அந்தச் சிரிஞ்சில் 10 கோடு என்பது கால் மில்லி. அதை அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்கலாம், தனி நேரம் வேண்டாம்.

ஸ்டேஷனைச் சுற்றி வாயைத் திறக்காமல் நிற்பவர்களில் பலர் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்தவர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் ஆங்கிலத்தில் ஓடும்போது வாயடைத்து நிற்பார்கள். அவர்களிடம் தமிழில் கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்லவிடுங்கள். நோயாளி "நெஞ்சு கரிக்குது", "கிறுகிறுன்னு வருது" என்று சொல்வதை நம்மைவிட அவர்கள் சரியாகப் பிடிப்பார்கள். ஆங்கிலச் சொல் அப்புறம் வந்து சேரும்.

நான் சொன்ன எதுவும் உதவாத இடமும் உண்டு. சில மருத்துவமனைகளில் மாணவிகளை டியூட்டி லிஸ்டிலேயே சேர்த்து, ராத்திரி ஷிப்டுக்கு ஸ்டாஃப் எண்ணிக்கையை அவர்களை வைத்து நிரப்புகிறார்கள். பிரிட்டனிலும் நெடுங்காலம் நர்ஸ் மாணவிகள் வார்டின் வேலையாட்களாகத்தான் இருந்தார்கள். 1980களின் இறுதியில் பயிற்சி முறையைத் திருத்தி, மாணவர்களை ஆள் கணக்கில் சேர்க்காத நிலையைக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே கூட நின்று வழிகாட்டுகிறவர் ஒருவர், மதிப்பிடுகிறவர் வேறொருவர். கையெழுத்துக்கான உறவு வேறு, கற்பதற்கான உறவு வேறு என்று பிரித்தது நல்ல யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. இங்கே லிஸ்டில் போட்ட மாணவியிடம் "கற்றுக்கொண்டாயா?" என்று கேட்பது நியாயமே இல்லை. உங்கள் வார்டில் அப்படி நடக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

லாக் புக் விஷயம். நீங்கள் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். கதீட்டர் போட்டதாக எழுதியிருந்தால் யாருக்கு, எந்த நாளில் என்று கேளுங்கள். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இத்தனை ஊசி, இத்தனை டிரெஸ்ஸிங் என்று எண்ணிக்கை முடிக்காவிட்டால் கல்லூரியில் அவளைத்தான் பிடிப்பார்கள். அன்றன்று செய்ததை அன்றன்றே, வீட்டுக்குப் போகும் முன் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போஸ்டிங்கின் முதல் நாளே சி.ஐ.யிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் சண்டைதான் வரும்.