ஜெர்மனியின் ஒரு கிராமப்புற மாவட்டத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

பரப்பளவு, மக்கள்தொகை, தலைமையிடம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் கொட்டாவி விடும். பவேரியாவின் டோனாவ்-ரீஸ் மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கும் பள்ளத்திலிருந்து தொடங்குங்கள். நான் ஆக்ஸ்பர்க்கில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது பிள்ளைகளோடு வந்தால் கூட்டிப்போவது அங்கேதான்.

சுமார் ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன்னால், ஒரு கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள விண்கல் ஒன்று அங்கே விழுந்தது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. விழுந்த இடத்தில் சுமார் 25 கி.மீ. அகலத்துக்குப் பள்ளம். சூட்டில் உருகித் தெறித்த மண், பச்சைக் கண்ணாடித் துண்டுகளாக இன்றும் செக் நாட்டில் கிடைக்கிறது. நடுவில் ஒரு நாட்டு எல்லையே இருக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

பள்ளம் பின்னால் ஏரியானது, ஏரி வண்டலால் மூடிப்போனது. இன்றைக்கு அது தானியம் விளையும் நல்ல சமவெளி. நோர்ட்லிங்கன் என்ற பழைய ஊர் முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. (பள்ளத்தின் மேற்கு ஓரம் பக்கத்து மாநிலத்துக்குள் போய்விடுகிறது. 1972இல் மாவட்டத்தை உருவாக்கியவர்கள் விண்கல்லைக் கேட்டுக்கொண்டு எல்லை போடவில்லை.)

தரையில் நின்றால் பள்ளம் தெரியாது. நோர்ட்லிங்கன் தேவாலயக் கோபுரத்தில் ஏறவேண்டும். 90 மீட்டர் உயரம், 350 படி. ஊர்க்காரர்கள் அதை டேனியல் என்று ஆள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேலே போனதும், ஊரைச் சுற்றி மதில், மதிலைத் தாண்டி வயல்கள், வயல்களுக்கு அப்பால் நாலு பக்கமும் காட்டு மேடுகள். அந்த மேடுகள்தான் பள்ளத்தின் விளிம்பு. கீழே இறங்கியதும் கோபுரத்துச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் கல், அங்கங்கே கருப்பாக உருகி உறைந்த கண்ணாடிச் சில்லுகள். விண்கல் மோதியதில் உண்டான சுவேவிட் பாறை இது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி வைரங்களும் இதற்குள் உண்டு. இதைச் சொன்னதும் ஒரு பையனாவது நகத்தால் சுரண்டிப் பார்ப்பான், விடுங்கள்.

ரொம்ப காலம் இதை எரிமலை வாய் என்றே நினைத்திருந்தார்கள். 1960இல் யூஜின் ஷூமேக்கர் என்ற அமெரிக்க நிலவியலாளர் இதே மாவட்டத்து ஓட்டிங் கல்குவாரியில் எடுத்த கல்லை சக ஆய்வாளர் எட்வர்ட் சாவ் ஆராய்ந்தபோது, அதில் கோயசைட் என்ற கனிமம் இருந்தது. அது உருவாக வேண்டிய அழுத்தத்தை எந்த எரிமலை வாயாலும் கொடுக்க முடியாது. கேஸ் முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துப்பறியும் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். ஒரு முடிவு எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் இதில் நேராகப் பார்க்கலாம்.

அப்புறம் 1970 ஆகஸ்டில் அப்பல்லோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இங்கே வந்து, மோதலில் உண்டான பாறைகளை அடையாளம் காணக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் நிலாவில் நடந்தார்கள். நோர்ட்லிங்கன் பள்ள அருங்காட்சியகத்தில் நிலாக்கல் ஒன்றும் இருக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். மாவட்டத் தலைமையிடம் டோனாவொர்ட், டான்யூப் கரையில் இருக்கிறது, ஹெலிகாப்டர் தொழிற்சாலை உண்டு. ஹார்பர்க்கில் மலை மேல் ஒரு கோட்டை. பள்ளத்தைக் கடந்து வரும் வொர்னிட்ஸ் ஆறு அந்தக் கோட்டையடியில் ஓடி, டோனாவொர்ட்டில் டான்யூபோடு சேர்கிறது. பரப்பளவும் மக்கள்தொகையும் பாடத்திட்டத்தில் கட்டாயம் என்றால், இதற்கெல்லாம் பிறகு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், எழுதிக்கொள்வார்கள்.